சகாயிங் கப்பலும் சான்றின் ஒழுக்கமும்

ஏட்டுச்சுவடி ஒன்றைப் பதிப்பிக்க முற்படும் தமிழறிஞர் ஒரே பிரதியை நம்பி அச்சேற்றுவதில்லை. சி. வை. தாமோதரம்பிள்ளை 1885ஆம் ஆண்டில் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887ஆம் ஆண்டில் கலித்தொகையையும் வெளியிட்டபோதும், உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோதும், ஊர் ஊராகச் சுவடி தேடி, பிரதிக்குப் பிரதி ஒப்புநோக்கி, ஏடெழுதியவன் கைப்பிழை எது, மூலபாடம் எது என ஆராய்ந்த பின்னரே பாடம் தெளிந்தனர். இவ்வொழுக்கமே தற்காலத் தமிழாய்வின் அத்திவாரம். ஆயின் அதே மரபில் வந்தவர்கள் ஒரு பழைய நிழற்படத்தைக் கையிலெடுத்ததும் அவ்வொழுக்கத்தை வாயிலிலேயே கழற்றிவைத்துவிடுகின்றனர். படத்தின் கீழ் எவரோ எழுதிய ஒற்றை வரி வேதவாக்காகின்றது. ஓர் எழுத்து மாறினால் ஒரு திங்கள் வாதிடுவோர், ஒரு கப்பலே மாறிப்போனாலும் கவலைகொள்வதில்லை.

இக்குற்றச்சாட்டு கடுமையானது, எனினும் பொய்யானதன்று. இதனை நிறுவுதற்குத் திருகோணமலைத் துறைமுகத்தைக் காட்டிலும் தக்க களம் வேறில்லை. இயற்கைத் துறைமுகங்களுள் உலகப் புகழ் வாய்ந்த இக்குடாவைப் பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் கோணேசர் ஆலயத்துடன் தொடங்கி அதனுடனேயே முடிகின்றன. போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்த ஆலயத்தின் தூண்களை, 1956ஆம் ஆண்டில் மைக் வில்சன், ஆதர் சி. கிளார்க் ஆகியோரின் குழுவினர் சுவாமிப் பாறையின் அடியில் கடலுக்குள் கண்டபோது தமிழுலகம் மகிழ்ந்தது, மகிழ்ந்தமை முறையே. ஆனால் அதே பாறைக்கு மறுபுறம், உட்துறைமுகத்தின் அடியில், முக்கால் நூற்றாண்டாக ஓர் இரும்புக் கப்பல் கிடந்தது. கல்லைக் கண்ட கண் இரும்பைக் காணவில்லை. பழைமை என்றால் ஆயிரம் ஆண்டு என்று எண்ணும் மனப்பான்மை, தன் பாட்டன் காலத்தைப் பழைமையாகவே மதிப்பதில்லை.

அக்கப்பலின் பெயர் சகாயிங். பர்மாவில் ஐராவதி ஆற்றங்கரையில், மண்டலே நகருக்கு அணித்தாக உள்ள ஊரின் பெயர் அது. கிளாஸ்கோ நகரத்து ஹென்டர்சன் கப்பற் குழுமத்துக்காக, ஸ்கொத்லாந்தின் டம்பார்ட்டன் நகரிலிருந்த வில்லியம் டெனி சகோதரர் கப்பல்தளத்தில் 1920களின் நடுப்பகுதியில் அது கட்டப்பட்டது. ஏறத்தாழ 450 அடி நீளமும் 8,000 தொன் அளவும் கொண்ட அந்நீராவிக் கப்பல் பிரித்தானியாவுக்கும் றங்கூனுக்குமிடையே பயணிகளையும் சரக்கையும் ஏற்றியது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அது போர்ச் சரக்குடன் துறைமுகத்தில் நின்றது. குண்டு பட்டுத் தீப்பற்றி எரிந்தது. மாலுமிகள் அதனைக் கைவிட்டனர். 1943ஆம் ஆண்டில் பிரித்தானியர் அதன் உடற்கூட்டை வேண்டுமென்றே அமிழ்த்தி இறங்குதுறையாகப் பயன்படுத்தினர். 2017ஆம் ஆண்டில் இலங்கைக் கடற்படையின் சுழியோடிகள் அதனைக் கிளப்பும் பணியைத் தொடங்கி, பல திங்கள் உழைத்து, 2018ஆம் ஆண்டு மார்ச்சில் அதனை மீண்டும் மிதக்கச் செய்தனர்.

இவ்வரலாற்றில் நோக்கற்பாலது ஒன்றுண்டு. "யப்பானியர் மூழ்கடித்த கப்பல்" என்பதே அதற்கு வழங்கும் எளிய விளக்கம். அவ்விளக்கம் பாதி மெய்; ஆகவே முழுப் பொய்யினும் தீங்கானது. எரித்தவர் யப்பானியர், இறுதியில் அமிழ்த்தியவர் பிரித்தானியர். இரண்டு செயல்களுக்குமிடையே ஓராண்டுக்கு மேற்பட்ட காலம் கழிந்தது. நீருக்குள் அமர்ந்துள்ள அக்கப்பலின் படத்தைக் காட்டி 1942ஆம் ஆண்டுத் தாக்குதலின் காட்சி என்பவர், ஈமச் சடங்கின் படத்தைக் காட்டி இதுவே கொலை நிகழ்ந்த கணம் என்பவரை ஒப்பர். முதலாவது படம் போரின் அழிவைக் காட்டும். இரண்டாவது, அழிந்ததையும் விடாது பயன்கொண்ட ஒரு பேரரசின் கணக்கைக் காட்டும். இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுமே விளங்காமற் போகும்.

திருகோணமலைக் கடலில் துருப்பிடித்துக் கிடக்கும் ஒவ்வோர் இரும்பையும் யப்பானியக் குண்டின் கணக்கில் எழுதும் வழக்கம் இத்தகைய சோம்பலின் விளைவே. 1944ஆம் ஆண்டு ஓகத்து 8ஆம் நாள் அத்துறைமுகத்தில் மிதக்கும் கப்பற்றளம் ஒன்று, வலியன்ற் என்னும் போர்க்கப்பலைத் தாங்கியிருந்த நிலையில் உடைந்து அமிழ்ந்தது. அங்கு பகைவர் எவரும் இல்லை. நீர்த்தொட்டிகளை வெறுமையாக்கிய முறையில் நேர்ந்த பிழையே அதனை முறித்தது. அவ்வாறே, ஹேர்மீஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் சரிந்து புகைவதைக் காட்டும் புகழ்பெற்ற படங்கள் யப்பானிய விமானங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அக்கப்பல் 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் மூழ்கியது உண்மை. மூழ்கிய இடம் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடல். முதல்நாள் இரவே அது திருகோணமலையை விட்டு நீங்கியிருந்தது. அப்படத்தைத் திருகோணமலைத் துறைமுகக் காட்சியாக அச்சிடுபவர் நாளைச் சரியாகச் சொல்லி இடத்தைப் பிழையாகச் சொல்பவராவர். அதே திங்கள் 5ஆம் நாள் கொழும்பு தாக்கப்பட்டதையும் 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டதையும் ஒரே நாளாகக் குழைத்துவிடுவோரும் உளர்.

இவை சிறு பிழைகள்தானே என வினவலாம். ஏட்டில் ஒரு புள்ளி விடுபடுவதும் சிறு பிழையே. ஆயினும் அப்புள்ளியை வைத்தே பொருள் மாறுகின்றது என்பதை அறியாதார் தமிழ் மாணாக்கருள் எவர்?

ஒரு படத்திலுள்ள கப்பலை இனங்காண்பது எவ்வாறு? அது மறைபொருளன்று, பாடம் தெளியும் முறையே அதற்கும் முறை. முதற்கண் படத்தையும் அதன் கீழுள்ள எழுத்தையும் பிரித்தல் வேண்டும். எழுத்து, படத்தின் பகுதியன்று. அஃது ஓர் உரையாசிரியரின் கூற்று. உரையாசிரியர் யார், எப்போது எழுதினார், நேரிற் கண்டவரா, கேட்டவரா என்பன வினவற்பாலன. அடுத்து, ஒரே படத்தின் பல பிரதிகளைத் திரட்டுதல் வேண்டும். ஓரங்கள் வெட்டப்பட்ட பிரதியில் மறைந்த கரை முழுப் பிரதியில் தென்படும். கண்ணாடித் தகட்டைப் புறம்மாற்றி வைத்து அச்சிட்டால் இடம் வலமாகும், வலம் இடமாகும். இதனைக் கப்பலை வைத்துக் கண்டுபிடித்தல் அரிது. பின்னேயுள்ள நிலத்தை வைத்துக் கண்டுபிடித்தல் எளிது. பிரெட்றிக் கோட்டையும், ஒஸ்ரன்பேர்க் மேடும், சோபர் தீவும் இடம்பெயர்வதில்லை. அவற்றின் வரிசையைச் சிறு வயது தொட்டுக் கண்டறிந்த ஒரு மீனவர், இலண்டனிலிருந்து படம் பார்க்கும் அறிஞரைவிட விரைவாக அப்படத்தின் புறமாற்றத்தைச் சொல்லிவிடுவார்.

அதன் பின்னரே கப்பலின் உறுப்புகளை எண்ணுதல் வேண்டும். புகைப்போக்கி எத்தனை, கொடிமரம் எத்தனை, பாரந்தூக்கிகள் எங்கே நிற்கின்றன, பக்கச் சாளரங்கள் எந்த இடைவெளியில் அமைந்தன, மேற்றட்டு எங்கே முறிகின்றது என்பனவே அதன் அங்க அடையாளங்கள். நிறத்தை நம்பலாகாது. அமைதிக் காலத்தில் ஒவ்வொரு குழுமமும் தன் புகைப்போக்கிக்குத் தனி நிறம் பூசியது. போர்க் காலத்தில் எல்லாக் கப்பல்களும் சாம்பல் நிறம் பூண்டன, பெயர்கள் மறைக்கப்பட்டன, பீரங்கிகள் ஏற்றப்பட்டன. ஆகவே 1930ஆம் ஆண்டளவில் எடுத்த படத்துக்கும் 1942ஆம் ஆண்டுப் படத்துக்குமிடையே நிறமும் தோற்றமும் மாறியிருப்பது கொண்டு கப்பல் வேறென முடிவுகட்டலும் பிழை. உருவம் ஒத்திருப்பது கொண்டு கப்பல் ஒன்றென முடிவுகட்டலும் பிழை.

இரண்டாவது பிழைக்குச் சகாயிங் கப்பலின் உறவினங்களே சான்று. அதே ஹென்டர்சன் குழுமத்துக்கு அதே டெனி தளம் அடுத்தடுத்துக் கப்பல்கள் கட்டியது. 1920ஆம் ஆண்டின் அமரபூரா, 1924ஆம் ஆண்டின் கெமென்டைன், 1928ஆம் ஆண்டின் யோமா என அவை பர்மாவின் பெயர்களையே தாங்கின. ஒரே கைவண்ணம், ஒரே தேவை, ஒரே வழித்தடம். ஆதலின் தோற்றத்திலும் குடும்பச் சாயல் இருத்தல் இயல்பே. கெமென்டைன் 1940ஆம் ஆண்டு யூலையில் அத்லான்ரிஸ் என்னும் செர்மானியக் கப்பலால் இந்து சமுத்திரத்தில் அழிக்கப்பட்டது. யோமா 1943ஆம் ஆண்டு யூனில் மத்தியதரைக் கடலில் நீர்மூழ்கியால் தாக்குண்டது. அமரபூரா பிழைத்து, 1950களில் கப்டின் குக் என்னும் புதுப்பெயருடன் குடியேறிகளை நியூசிலாந்துக்கு ஏற்றிச் சென்றது. இக்கப்பல்களுள் ஒன்றன் படத்தை எடுத்து மற்றொன்றன் பெயரை அதன் கீழ் எழுதுவது எத்துணை எளிது! அவ்வாறு எழுதிவிட்டால், இந்து சமுத்திரத்தின் அடியிற் கிடக்கும் கப்பலைத் திருகோணமலையில் நிறுத்திய பெருமை எழுதியவரைச் சாரும்.

பெயரை மட்டும் கண்டு பொருள் கொள்வோர் மற்றொரு பள்ளத்திலும் விழக்கூடும். ஐராவதி ஆற்றில் ஓடிய நீராவிப் படகுகளையும் அதே டெனி தளமே கட்டியது. 1865ஆம் ஆண்டில் தோன்றிய ஐராவதிப் படகுக் குழுமம் 600க்கும் மேற்பட்ட கலங்களைக் கொண்டு பர்மாவின் ஆறுகளை ஆண்டது. அதன் கலங்கள் ஸ்கொத்லாந்தில் உருவாக்கப்பட்டு, பகுதி பகுதியாகப் பிரித்து ஏற்றப்பட்டு, றங்கூனுக்கு எதிரே டல்லா தளத்தில் மீண்டும் பொருத்தப்பட்டன. 1942ஆம் ஆண்டில் யப்பானியர் முன்னேறியபோது அவை பகைவர் கைக்குப் போகாவண்ணம் நூற்றுக்கணக்கில் குழுமத்தாராலேயே அமிழ்த்தப்பட்டன. சகாயிங் என்னும் பெயரையும், பர்மா என்னும் நாட்டையும், டெனி என்னும் தளத்தையும் கண்ட ஒருவர், திருகோணமலையிற் கிடந்ததும் கைவிடப்பட்ட ஆற்றுப் படகே என எழுதிவிட்டால் அதனைத் தடுப்பது எது? படம் தடுக்கும்; படத்தைப் படிக்கத் தெரிந்தால். ஆற்றுப் படகு ஆழமற்ற நீரில் ஓடவேண்டியது. ஆகவே அதன் உடல் தட்டையானது. நீருக்குமேல் அடுக்கடுக்காகத் தட்டுகள் எழும். பக்கங்களில் பெருஞ் சில்லுகளின் கூடுகள் பருத்துத் தோன்றும். ஐராவதியின் மிகப் பெரிய படகுகளே ஏறத்தாழ 326 அடி நீளமுடையன. கடற் கப்பலோ உயர்ந்த அணியமும் ஆழ்ந்த உடலும் கொண்டு, பின்னடியில் சுழலியால் உந்தப்படுவது. இவ்விரண்டையும் வேறுபிரிக்கப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை. எண்ணிப் பார்க்கும் பொறுமை போதும்.

நீரும் சான்று பகரும். திருகோணமலையில் கடலின் ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவு. இரு படங்களில் ஒரே கப்பலின் நீர்மட்டம் பல அடி வேறுபட்டால் அவ்வேறுபாட்டை வற்றுக்கடலின் மீது சுமத்த முடியாது. கப்பல் சரக்கு இறக்கியிருத்தல் வேண்டும், அல்லது நீர் புகுந்து தாழ்ந்திருத்தல் வேண்டும், அல்லது தரையில் அமர்ந்திருத்தல் வேண்டும். எரிந்து மிதந்த கப்பலையும் அமிழ்ந்து அமர்ந்த கப்பலையும், அஃதாவது 1942ஐயும் 1943ஐயும், பிரித்தறிய உதவும் அளவுகோல் இதுவே. ஊரின் இயல்பை அறிந்தவர்க்கே இக்கருவி கைகூடும்.

இறுதியாக, படம் சொன்னதை ஏடு சொல்வதுடன் பொருத்துதல் வேண்டும். லொயிட்ஸ் பதிவேடு ஆண்டுதோறும் கப்பல்களின் நீள அகலங்களையும், தொன் அளவையும், கட்டிய தளத்தையும் அச்சிட்டுவந்தது. 1894ஆம் ஆண்டின் பிரித்தானிய வணிகக் கப்பற் சட்டப்படி ஒவ்வொரு கப்பலுக்குமுரிய எண் அதன் முதன்மை விட்டத்தில் வெட்டப்பட்டது. பெயர் மாறினும் அவ்வெண் மாறுவதில்லை. டெனி தளம் 1963ஆம் ஆண்டில் மூடப்பட்டபின், அது கட்டிய கப்பல்களின் விரிவான பட்டியல் 1975ஆம் ஆண்டில் கிறீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அரும்பொருளகத்தால் வெளியிடப்பட்டது. கட்டியவர்கள் தம் கப்பலின் பிறப்பைப் பேணிவைத்தனர். அக்கப்பலின் இறப்பு நிகழ்ந்த ஊரோ அதன் இறப்பைப் பேணவில்லை.

இவ்விடத்தில் மூவகையான மறுப்புகள் எழும். அவை ஒவ்வொன்றும் விடை பெறத்தக்கன.

முதலாவது மறுப்பு: பிரித்தானிய முதலாளியின் கப்பல், யப்பானியப் படையின் குண்டு, இதில் தமிழர் வரலாறு எங்கே? இம்மறுப்பு தேசியம் போலத் தோன்றினும் உண்மையில் அடிமைப் புத்தியின் மறுபக்கமே. கப்பல் உடையவனுக்கே வரலாறும் உடைமை என அது ஒப்புக்கொள்கின்றது. சகாயிங் எந்நாட்டின் பெயர்? 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் வாழ்ந்த பர்மாவின் ஓர் ஊர்ப்பெயர். அவர்களுள் செட்டிநாட்டு வணிகரும் உளர். றங்கூன் துறைமுகத்திலும் நெல் ஆலைகளிலும் முதுகொடிய உழைத்த தமிழ்க் கூலிகளும் உளர். திருகோணமலையில் சகாயிங் எரிந்த அதே 1942ஆம் ஆண்டில் இலட்சக்கணக்கானோர் பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து கால்நடையாக வெளியேறினர். வழியில் மாண்டோர் பலர். ஒரே போர், ஒரே பருவம், ஒரே பேரரசின் வீழ்ச்சி. பர்மாத் தமிழரின் துயரை இலக்கியத்தில் தேடும் ஆய்வாளர், அந்நாட்டின் பெயரெழுதிய கப்பல் தம் துறைமுகத்திலேயே கிடந்ததை அந்நியப் பொருளென ஒதுக்குவது விந்தையே. அன்றியும் அத்துறைமுகத்தின் வாழ்வு உழைப்பால் இயன்றது. பாரம் தூக்கியவர், நிலக்கரி சுமந்தவர், எண்ணெய்த் தாங்கிகள் கட்டியவர், இறங்குதுறையில் கயிறு பிடித்தவர் ஆகியோரின் உழைப்பு அது. அவர்தம் வரலாற்றை எழுத, அவர்கள் பணிசெய்த கப்பலின் பெயரையாவது சரியாக அறிதல் வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இதற்கு நேர்மாறானது: ஊரார் நினைவு போதும், அந்நியர் ஏடுகள் எதற்கு? ஊரார் நினைவு மதிக்கத்தக்கது. கரையின் வரிசையையும் நீரின் இயல்பையும் அந்நினைவே அறியும். எனினும் நினைவு நாட்களைக் குழைக்கும், இரு தீகளை ஒரு தீயாக்கும், கேட்டதைக் கண்டதாக்கும். இது மக்களின் குறையன்று, நினைவின் இயல்பு. சுவடி எழுதியோன் செய்யும் பிழை போன்றதே அது. எழுதியோன் பிழைசெய்வான் என்பதற்காக எவரும் சுவடியை எரிப்பதில்லை, ஒப்புநோக்குகின்றனர். நினைவையும் அவ்வாறே ஒப்புநோக்கல் வேண்டும். வினாவே எழுப்பாது போற்றுவது மரியாதையன்று, புறக்கணிப்பு.

வல்வெட்டித்துறையின் அன்னபூரணி அம்மாள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவ்வூர்க் கைவினைஞர் கட்டிய அப்பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கி, புளோரன்ஸ் சி. றொபின்சன் எனப் பெயர்மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செலுத்திச் சென்று 1938ஆம் ஆண்டு ஓகத்தில் மசச்சூசற்ஸ் மாநிலத்தின் குளோஸ்ரர் துறையை அடைந்தனர். அமெரிக்கப் படங்களில் இருப்பது புளோரன்ஸ். வல்வெட்டித்துறை நினைவில் இருப்பது அன்னபூரணி. படத்தை மட்டும் வைத்திருந்தோர்க்கு அதனைக் கட்டிய கை தெரிந்திராது. நினைவை மட்டும் வைத்திருந்தோர்க்கு அதன் முடிவிடம் தெரிந்திராது. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்தபோதே கப்பல் தன் முழுப் பெயரைப் பெற்றது. வல்வெட்டித்துறையார் தம் கப்பலை மறவாததனால் அது அவர்களுடையதாக நிலைத்தது. திருகோணமலையின் இரும்புக்கு அத்தகைய உறவினர் இல்லை. அக்குறையை நிரப்புவது கல்வியுலகின் கடன்.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது: துறைமுகத்தின் பெரும்பகுதி கடற்படைத் தளம், 1957ஆம் ஆண்டுவரை பிரித்தானியருக்குரியது, பின்னர் இலங்கைக் கடற்படைக்குரியது, 1983ஆம் ஆண்டிலிருந்து 2009ஆம் ஆண்டுவரை நீடித்த போர்க்காலத்தில் கரையோரமே நெருங்கற்கரியதாயிற்று, ஆய்வாளர் என்செய்வர்? இம்மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் வாயில் மூடியிருந்தமை நூலகத்தையும் மூடிவிடவில்லை. வீடுகளின் பெட்டிகளிற் கிடந்த படங்களுக்கு எந்தக் காவலரணும் தடையன்று. ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளரைக் கண்டு உரையாட அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. நெருங்க முடியாத பொருளை ஆராய்வதற்கே பழைய படங்களும் பதிவேடுகளும் பயன்படுகின்றன. கப்பலை நேரில் அளக்க முடியுமாயின் படத்தை அளக்கவேண்டிய தேவையே இராது.

இனி, அளப்பதற்கு அக்கப்பலும் அவ்விடத்தில் இல்லை. ஏறத்தாழ 35 அடி ஆழத்திலிருந்து அத்துணைப் பெரிய உடலை, உடைவுகளை அடைத்து நீரை வெளியேற்றி மிதக்கவைத்த சுழியோடிகளின் ஆற்றல் போற்றற்குரியது. துறைமுகத்துக்கு இடம் வேண்டும். பழைய இரும்பு வழிவிடவேண்டும். அதனை எதிர்த்துப் புலம்புவதிற் பயனில்லை. ஆனால் ஒரு பொருள் தன் இடத்தை விட்டு நீங்கும் வேளையே அதனை அளந்தும் வரைந்தும் படமெடுத்தும் பதிவுசெய்தற்கு இறுதி வேளை. பொறியியலாளர் தம் கடமையைச் செய்தனர். வரலாற்று மாணாக்கர், தமிழ் மாணாக்கர், தொல்லியல் மாணாக்கர் ஆகியோரின் கடமை எது? கிளப்பிய நாளில் எடுத்த படங்கள் கடற்படையால் வெளியிடப்பட்டன. அவையும் இனிப் பழைய படங்களாகும். இன்னும் ஐம்பது ஆண்டில், துருவும் சிப்பியும் மூடிய அவ்வுடலின் படம் ஒன்று பெயரின்றி எவர் கையிலோ கிடைக்கும். அவர் அதன் கீழ் என்ன எழுதுவார் என்பது இன்று செய்யப்படும் வேலையைப் பொறுத்தது. முன்பு படம் பிழைபட்டால் பொருளைக் கண்டு திருத்தலாம். இன்று பொருள் அகன்றது, படமே மூலபாடமாயிற்று. மூலபாடத்தில் புகும் பிழைக்கு மருந்தில்லை.

படம் எடுக்கப்பட்டவற்றின் நிலையே இதுவாயின், எடுக்கப்படாதவற்றின் நிலை யாது? கொட்டியாரக் குடாவைக் கடந்து திருகோணமலைக்கும் மூதூருக்குமிடையே மக்களை ஏற்றிய லோஞ்சுகளும், கிண்ணியாவின் பாதைகளும், மகாவலி கடலொடு கலக்கும் கழிமுகங்களில் ஓடிய சிறு கலங்களும் எந்தப் பதிவேட்டிலும் தம் நீள அகலங்களை விட்டுச்செல்லவில்லை. கிண்ணியாப் பாலம் 2009ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பின்னர் மூதூருக்கும் தரைவழி சீர்ப்பட்டது. பாலங்கள் வந்தமை நன்றே. ஆனால் பாலத்தின் கீழ் ஒரு தலைமுறையின் பயண வாழ்வு பெயரின்றிக் கரைகின்றது. எந்த லோஞ்சு எந்த ஆண்டில் ஓடியது, அதனைக் கட்டியவர் யார், செலுத்தியவர் யார் என்பதைச் சொல்லவல்லோர் இன்னும் உயிருடன் உளர். டெனியின் கப்பலுக்குக் கிறீனிச்சில் ஓர் இடம் உண்டு; மூதூர் லோஞ்சுக்கு மூதூரிலேயே இடமில்லை. சகாயிங் கப்பலை இனங்காணக் கற்றுக்கொள்ளும் முறையே இவற்றையும் காக்கும் முறை.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் மலர் வெளியிடுகின்றன, விழா எடுக்கின்றன, பட்டிமன்றம் நடத்துகின்றன. அவற்றுள் ஒன்றேனும் திருகோணமலை மாவட்டத்தில் ஒரு விடுமுறையைச் செலவிட்டு, வீடுவீடாகப் பழைய படங்களைக் கண்டு, பிரதியெடுத்து, உடையவரிடமே திருப்பிக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு வினா எழுதுமாயின் அது பல மேடைப் பேச்சுக்கு ஈடாகும். இப்படம் யாரிடமிருந்து வந்தது? இதன் கீழுள்ள எழுத்து எவருடையது? படத்திலேயே காணப்படுவது எது? பிறர் சொல்லக் கேட்டது எது? விடை தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று எழுதும் துணிவு வேண்டும். சிதைந்த ஏட்டின் இடத்தில் புள்ளியிட்டு விட்ட பதிப்பாசிரியரை எவரும் அறியாதவர் என்று இகழ்ந்ததில்லை. தம் சொல்லைப் புகுத்தி நிரப்பியவரையே இகழ்ந்தனர்.

தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏட்டின் முன் கொண்டிருந்த அச்சமும் அடக்கமும் மங்கிய படத்தின் முன்னும் தோன்றவேண்டும். செல் அரித்தது ஏட்டை. துரு அரித்தது கப்பலை. அரித்தவற்றின் மேல் பொய்யை எழுதி நிரப்புதல் மூன்றாவது அரிப்பு. முதலிரண்டும் காலத்தின் செயல். மூன்றாவது மனிதரின் செயல் ஆதலின் மன்னிக்கற்பாலதன்று.